மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்கு

சேரப்பணஞ்சேரி என்ற ஊரின் பெயரை நேயர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். காஞ்சீபுரம் ஜில்லாவில், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் சாலையில், படப்பையைத் தாண்டி ஒரகடம் போய்ச் சேருவதற்கு முன்னால் அது இருக்கிறது. ஏரியும் கழனியுமாக இருந்த பிரதேசம் அது. ஸ்ரீ ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்பூதூர் அங்கிருந்து அதிக தூரத்தில் இல்லை. இன்று அந்தச் சாலையில் போகிறவர்கள் பெரும்பாலும் காண்பது தொழிற்சாலைகளின் மதில்களைத்தான். காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் ஒரகடத்தில் உற்பத்தியாகிப் பல தேசங்களுக்குக் கப்பலேறுகின்றன.

மீனம்பாக்கம் விமான நிலையம் இவ்வூருக்குக் கிழக்கே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ஆகாய விமானம் காற்றை எதிர்த்தே இறங்கும். காற்றை எதிர்த்தே ஏறும். ஆகையால், ஐப்பசி கார்த்திகையில் கீழ்க்காற்று வீசும் நாட்களில் மேற்கேயிருந்து தாழ்ந்து வந்து மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களை இந்த வட்டாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். ஏரிக்கரையில் நிற்கும் சிறுவன் ஒருவன் தன் தாயைப் பார்த்து, "அம்மா, இந்த ஏரோப்ளேன் எங்கிருந்து வருகிறது? அது எவ்வளவு தூரம்? வர எத்தனை நேரமாகும்?" என்று கேட்டால் அதில் ஆச்சரியமில்லை.

கேள்வி எளிது. ஆனால் பதில் அவ்வளவு எளிதல்ல. தூரம், நேரம் என்ற இரண்டையும் நாம் ஒன்றாகவே நினைத்துப் பழகிவிட்டோம். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆகாய மார்க்கத்தில் இந்தச் சூத்திரம் எப்படிப் பொய்த்துப் போகிறது என்பதைக் காண, லண்டனையும் நியூயார்க்கையும் தேடிப் போக வேண்டியதில்லை. சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் மீனம்பாக்கத்தையும், கடலுக்கு அக்கரையில் யாழ்ப்பாணத்தில் இருக்கும் பலாலியையும் எடுத்துக்கொண்டாலே போதும்.

பூகோளப் படத்தில் ஒரு கணக்கு

வீட்டில் பூகோளப் படம் இருந்தால் நேயர்கள் அதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் உள்ள தூரத்தைக் கண்டுபிடிக்க நிபுணர் யாரும் வேண்டாம். ஏழாம் வகுப்பு மாணவி போதும்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், அதாவது கிழக்கே 80 பாகையை ஒட்டியே இருக்கின்றன. ஒன்றுக்கு நேர் தெற்கே மற்றொன்று. மீனம்பாக்கம் வடக்கு அட்சரேகை 12 பாகை 59 கலை. பலாலி 9 பாகை 48 கலை. வித்தியாசம் 3 பாகை 11 கலை, அதாவது 191 கலை. பூமியின் மேற்பரப்பில் அட்சரேகையின் ஒரு கலைக்கு ஒரு கடல் மைல் என்பது மாலுமிகள் ஏற்படுத்திய கணக்கு. விமானிகளும் அதையே கைக்கொண்டார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 354 கிலோமீட்டர். நமது பழைய கணக்கில் 220 மைல்.

இந்த எண்ணின் அருமை, மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால்தான் விளங்கும். மீனம்பாக்கத்திலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 400 கிலோமீட்டர். மதுரை விமான நிலையம் சுமார் 415 கிலோமீட்டர். அதாவது, சென்னைக்கு மதுரையைவிட யாழ்ப்பாணம் பக்கம்! கோயம்புத்தூரைவிடவும் பக்கம். இதைச் சொன்னால் நம்மில் பலர் நம்ப மாட்டார்கள். மதுரையை நமது ஊர் என்றும் யாழ்ப்பாணத்தை எங்கோ கடல் கடந்த சீமை என்றும் மனத்தில் வைத்திருப்பதே காரணம். நமது மனத்தில் இருக்கும் படம் வேறு; பூமியின் படம் வேறு.

தொலைதூரப் பிரயாணங்களில் இந்த வேற்றுமை இன்னும் வேடிக்கையாகிவிடுகிறது. பூமி உருண்டை, படமோ தட்டை. தட்டைப் படத்தில் நேர்கோடாகத் தெரிவது உருண்டையின்மேல் சுற்று வழியாக இருக்கும். ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு 2021-ம் வருஷம் ஜனவரி மாதம் ஏர் இந்தியா விமானம் ஒன்று வட துருவத்தின்மேல் பறந்து வந்தது. காப்டன் ஸோயா அகர்வாலும் அவருடன் விமானத்தைச் செலுத்தியவர்களும் பெண்களே. ஏறக்குறைய 16,000 கிலோமீட்டர் பறந்து, ஜனவரி 11-ந் தேதி பெங்களூரில் இறங்கினார்கள். படத்தில் பார்த்தால் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டது போல் இருக்கும் அந்த வழிதான் உண்மையில் கிட்டத்து வழி.

கடிகாரத்தின் கணக்கு

தூரம் தெரிந்துவிட்டது. இனி நேரத்தைப் பார்ப்போம்.

சென்னைக்கும் பலாலிக்கும் பறக்கும் விமானம் ஏ.டி.ஆர். 72 என்ற ஜாதியைச் சேர்ந்தது. இரண்டு பக்கமும் சுழல்விசிறி உள்ள சிறிய விமானம். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை 3,600 மீட்டருக்கும் அதிக நீளமுள்ளது. 2019-ல் பலாலியில் பிரயாணிகளுக்காகப் பண்படுத்தப்பட்ட பாதை அதில் பாதிகூட இல்லை. ஆதலால் பெரிய ஜெட் விமானத்துக்கு அங்கே இடமில்லாமல், சிறிய விமானமே ஏற்றதாயிற்று. சீராகப் பறக்கும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். அப்படியானால் 354 கிலோமீட்டரை 43 நிமிஷத்தில் கடந்துவிட வேண்டுமல்லவா? கால அட்டவணையோ ஒன்றேகால் மணியை ஒட்டிச் சொல்கிறது.

பாக்கி அரை மணி எங்கே போயிற்று?

விமானக் கம்பெனிகள் பிரயாண நேரத்தை ஆகாயத்தில் ஏறியதிலிருந்து கணக்கிடுவதில்லை. நிற்கும் விமானம் உருண்டு விடாதபடி சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து வைத்திருக்கும் கட்டைகளை எடுத்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடியும் கட்டை வைக்கும் வரையில் கணக்கிடுகிறார்கள். இடையில் விமானம் தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போக வேண்டும். முன்னால் நிற்கும் விமானங்களுக்கு வழிவிட வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. வானத்திலும் இஷ்டப்படி நேராகப் போய்விட முடியாது. குறிக்கப்பட்ட பாதைகளையும் சந்திகளையும் அனுசரித்தே போக வேண்டும். ஓடுபாதையின் எந்த முனையில் இறங்குவது என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. மறுமுனையில் இறங்க நேர்ந்தால் ஒரு வளையம் போட்டுத் திரும்ப வேண்டியதுதான். தூரம் குறையக் குறைய இந்தச் சில்லறைச் செலவுகள் பெரிதாகத் தோன்றும். நாலணாச் சாமானுக்கு மூன்றணா தபால் செலவு ஆவது போல!

கடிகாரத்தை நம்புவதிலும் ஒரு சங்கடம் உண்டு. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் சுமார் 2,900 கிலோமீட்டர். பறக்கும் நேரம் நாலு மணிக்குச் சற்று மேல். ஆனால் சிங்கப்பூரின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. ஆகவே போகும்போது கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் ஆனது போலவும், திரும்பும்போது இரண்டு மணிக்குள் வந்துவிட்டது போலவும் சீட்டில் காணும். யாழ்ப்பாணப் பிரயாணத்தில் இந்தத் தொல்லை இல்லை. இலங்கையும் நாமும் ஒரே நேரத்தை வைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே இறங்கியதும் கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை.

போட் மெயிலும் டகோடாவும்

இந்த வழி புதிய வழியல்ல. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தது முதல், எழும்பூரில் ரயிலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து ஸ்டீமரில் தலைமன்னார் சென்று, மறுபடியும் ரயிலேறிக் கொழும்பு சேரும் 'போட் மெயில்' பிரயாணம் நமது தாத்தாமார்களுக்குப் பழக்கமானது. 1964-ம் வருஷம் டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது.

போட் மெயில் ஓடிக்கொண்டிருந்த நாளிலேயே ஆகாய வழியும் திறந்தது. 1947-ம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி 'ஏர் சிலோன்' கம்பெனி தன் முதல் பிரயாணத்தைத் தொடங்கியது. கொழும்புக்கு அருகிலுள்ள ரத்மலானையிலிருந்து புறப்பட்ட டகோடா விமானம் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. காங்கேசன்துறை என்று அவர்கள் குறித்தது, இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் விமானப் படை அமைத்த இந்தப் பலாலி நிலையத்தைத்தான். நமக்குச் சுதந்திரம் வந்து அப்போது நாலு மாதம்கூட நிரம்பவில்லை. இலங்கைக்குச் சுதந்திரம் வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. புதிதாக விடுதலை பெறும் ஒரு தேசம், தன் முதல் விமானத்தை எந்தத் திசையில் அனுப்பியது என்பதைக் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் அனுப்பியது.

டகோடாவின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு, தரையில் ஊரும் நேரத்தையும் சேர்த்து, ஒன்றரை மணி ஆகும் என்று கணக்கிடலாம். இன்றைய அட்டவணை ஒன்றேகால் மணி. முக்கால் நூற்றாண்டின் யந்திர முன்னேற்றம் இந்த வழியில் மிச்சப்படுத்தியது கால் மணி நேரம்!

ஆனால் அந்தக் கால் மணியை மனிதர்கள் வேறு விதமாகச் செலவழித்துவிட்டார்கள். எழுபதுகளின் இறுதியில் ஏர் சிலோன் கம்பெனி மறைந்தது. சென்னை–யாழ்ப்பாண விமானமும் நின்றது. 1983-ல் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர்கள்மீது நடந்த கொடுமைகளை நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பின்னர் யுத்தம் மூண்டது. பலாலி ராணுவத்தின் நிலையமாயிற்று. 1990-ல் அதைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்குக் கிராமங்களின் ஜனங்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். அதே வருஷம் யாழ்ப்பாணத்துக்கு ரயிலும் நின்றது. யுத்தம் 2009-ம் வருஷம் மே மாதத்தில் முடிந்தது. ஆனால் யாழ்ப்பாணத்துக்கு மறுபடியும் ரயில் வந்தது 2014 அக்டோபரில்தான்.

இந்தக் காலமெல்லாம் பூமியின்மேல் உள்ள தூரம் ஓரங்குலமும் மாறவில்லை. அதே 354 கிலோமீட்டர். ஆனால் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போக விரும்பியவர் என்ன செய்ய வேண்டியிருந்தது? யாழ்ப்பாணத்துக்கும் அப்பால் தெற்கே பறந்து, சுமார் 645 கிலோமீட்டரில் உள்ள கட்டுநாயக்காவில் இறங்க வேண்டும். பின்னர், தாண்டி வந்த யாழ்ப்பாணத்தை நோக்கி ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தரை வழியே வடக்கே திரும்ப வேண்டும். யுத்த நாட்களில் அந்தத் தரை வழியும் மூடிக் கிடந்தது. அருகே இருக்கும் ஊர், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது.

வானத்தில் பூட்டும் கதவு

ஆகாயத்தில் சுவர் கிடையாது. ஆயினும் அதைப் பூட்ட முடியும்.

1932-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி ஸ்ரீ ஜே.ஆர்.டி. டாடா ஒரு சிறிய 'புஸ் மாத்' விமானத்தில் தபால் பைகளுடன் கராச்சியிலிருந்து புறப்பட்டார். ஆமதாபாத்தில் இறங்கிப் பம்பாய் வந்து சேர்ந்தார். அங்கிருந்து தபாலை நெவில் வின்ட்சென்ட் என்ற விமானி பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். பாரத தேசத்தின் சொந்த விமானத் தொழில் பிறந்தது அன்றைக்குத்தான். அந்த முதல் வழியின் ஒரு முனை கராச்சி. மறு முனை சென்னை. அந்தக் கராச்சி உள்ள தேசம், 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் இந்திய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. இந்தியாவும் பதிலுக்கு மூடியது. அதனால் டில்லியிலிருந்து ஐரோப்பா சென்ற நமது விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. வட அமெரிக்கா சென்ற சில விமானங்கள் இடையில் ஐரோப்பாவில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொள்ள நேர்ந்தது. டில்லியும் லண்டனும் இருந்த இடத்திலேயே இருந்தன. நேரம் மட்டும் நீண்டது.

பலாலியில் நடந்தது இதற்கு நேர்மாறானது. 2019-ம் வருஷம் அக்டோபர் 17-ந் தேதி அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏர் விமானம் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. நாற்பது வருஷத்துக்கு மேல் அடைந்து கிடந்த வழி திறந்தது. சில மாதங்களிலேயே கொரோனா நோய் வந்து மறுபடியும் அடைத்தது. 2022 டிசம்பர் 12-ந் தேதி திரும்பவும் விமானம் வந்தது. 2024 செப்டம்பர் முதல் தேதி இண்டிகோ கம்பெனியும் சேர்ந்துகொண்டது. இதனிடையே 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டார்கள்.

வீட்டு வாசல் கணக்கு

விமான நிலையத்திலேயே குடியிருப்பவர் யாருமில்லை. ஆகவே, உண்மையான பிரயாண நேரம் என்பது வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை ஆகும் நேரம்தான்.

சேரப்பணஞ்சேரியில் இருந்துகொண்டு ஒரகடத்தில் வேலை பார்க்கும் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். படப்பை, தாம்பரம் வழியாக மீனம்பாக்கம் போய்ச் சேர, அந்தச் சாலையின் நெரிசலை அறிந்தவர்கள் ஒன்றரை மணி ஒதுக்குவார்கள். அயல்நாட்டுப் பிரயாணமாதலால் விமானம் புறப்பட மூன்று மணிக்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். விமானத்தில் ஒன்றேகால் மணி. பலாலியில் பாஸ்போர்ட்டுக்கும் சுங்கச் சோதனைக்கும் முக்கால் மணி. அங்கிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு அரை மணி. ஆக மொத்தம் ஏழு மணி! அவர் கடந்த தூரம் எல்லாம் சேர்த்து 400 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 57 கிலோமீட்டர். நல்ல சாலையில் போகும் ஒரு பஸ்ஸின் வேகம்.

இதற்காகவா விமானம் என்று யாராவது கேட்கலாம். இதற்காகத்தான். காலையில் காபி குடித்துப் புறப்பட்டவர், மாலையில் கல்யாண வீட்டுப் பந்தலில் உட்கார்ந்து சீர்வரிசை பார்க்கலாம். 2019-க்கு முன்னால் அவர் கொழும்பில் இறங்கி, இரவெல்லாம் ரயிலிலோ பஸ்ஸிலோ கண் விழித்து, மறுநாள் போய்ச் சேர்ந்திருப்பார். அதற்கும் முன்னால், யுத்த காலத்தில், போயே இருக்க மாட்டார். கல்யாணச் செய்தியும் கடிதத்தில் தாமதித்தே வந்திருக்கும்.

இனி, இந்த வீட்டு வாசல் கணக்கில் இன்னொரு பற்றும் எழுத வேண்டியிருக்கிறது. மீனம்பாக்கத்தில் நெரிசல் மிகுந்துவிட்டதால், இதே காஞ்சீபுரம் ஜில்லாவில் பரந்தூரில் புதிய விமான நிலையம் அமைப்பதென்று 2022-ம் வருஷம் ஆகஸ்டில் அறிவித்தார்கள். வரைபடத்தில் சேரப்பணஞ்சேரி இந்த இரண்டுக்கும் நடுவில் அமைகிறது. புதிய நிலையத்துக்கு வேண்டிய நிலம் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். ஏகனாபுரம் முதலிய கிராமங்களின் விவசாயிகள், ஏரியும் வயலும் போய்விடும் என்று அன்று முதல் எதிர்த்துப் போராடினார்கள். பலாலியைச் சுற்றி நிலத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு யுத்தம் முடிந்த பிறகும் அது சிறுகச் சிறுகத்தான் திரும்பக் கிடைத்தது. யுத்தமும் தொழில் அபிவிருத்தியும் ஒன்றல்ல; இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமல்ல. ஆனாலும், பிரயாணிக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும்போது, அந்த நேரத்தை யாருடைய கழனியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம் என்று கேட்பது சுதந்திர தேசத்துப் பிரஜைகளின் கடமை. சர்க்கார் அதற்குத் தக்க பதில் சொல்வதும் அவ்வாறே கடமை.

ஏரிக்கரைச் சிறுவனுக்கு இப்போது பதில் சொல்லலாம். "தம்பி, நீ பார்க்கும் விமானம் யாழ்ப்பாணத்திலிருந்து வருவதாக இருந்தால் தூரம் 354 கிலோமீட்டர். அது உன் கொள்ளுத்தாத்தா காலத்திலும் அவ்வளவுதான். உன் பேரன் காலத்திலும் அவ்வளவுதான். நேரம் ஒன்றேகால் மணி. ஆனால் அது மட்டும் நிச்சயமில்லை. ஒரு சமயம் அது நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று."

சிறுவன் நம்ப மாட்டான். அவன் வளர்ந்து பெரியவனாகும் வரையில் இந்த வழி திறந்தே இருக்குமானால், அவன் நம்பாமலே இருந்துவிட்டாலும் நமக்குச் சந்தோஷந்தான்.